செத்தவர் லைனில் இருக்கிறார்

தன் செத்தவீட்டுக்கு வந்திருந்த கொலைகாரனுக்குத் தானே போன் போட்டு, தானே பேசி, தானே பிடித்துக் கொடுத்த பிணம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

அது ஜெர்மனியில், ஹம் நகரத்தில், சோதிலிங்கம் என்ற பெயரில் வசித்தது.

நம்பவில்லையா?

நம்பாதீர்கள்! போலீஸ்காரி அஞ்சலாவும் நம்பவில்லை. அவள் கதி என்ன ஆனது என்று கடைசியில் பாருங்கள்.

*

சனிக்கிழமை பின்னேரம். மழை.

கமலநாயகி மீனும் கத்தரிக்காயுமாகக் கடையிலிருந்து வந்து வீட்டுக்குள் நுழைந்தாள்.

"இஞ்சேருங்கோ..."

பதில் இல்லை.

டெலிவிஷன் தன்பாட்டில் கத்திக்கொண்டிருந்தது. கெல்லருக்குப் போகும் கதவு திறந்து கிடந்தது. கெல்லர் என்றால் வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறை. பழைய சூட்கேஸ், அரிசி மூட்டை, ஊருக்கு அனுப்பப் போவதாகச் சொல்லி ஒருபோதும் அனுப்பாத சாமான்... எல்லாம் அங்கேதான்.

கமலநாயகி படிகளின் கீழே எட்டிப் பார்த்தாள்.

அடித்தளத்தில்... கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக... அவளுடைய கணவர் சோதிலிங்கம்!

தலையைச் சுற்றி ரத்தம்.

அவள் போட்ட அலறலில், ஹம் ஸ்டேஷனில் புறப்படத் தயாராக நின்ற ரயில் அப்படியே நின்றுவிட்டது. (அந்த நாட்டு ரயில்கள் அதைவிட அற்பமான காரணங்களுக்கெல்லாம் நின்றிருக்கின்றன.)

அப்போதுதான் அது நடந்தது.

அவள் கையில் இருந்த போன் அடித்தது.

திரையில் பெயர்: 'இவர்'.

கீழே புகைப்படம். கம்பித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற அன்று, மாலையும் கழுத்துமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் சோதிலிங்கம்!

கமலநாயகி படியின் கீழே பார்த்தாள். 'இவர்' அசையாமல் கிடந்தார். அவருடைய புதுப் போன் கண்ணாடி நொறுங்கி, வீட்டு லேண்ட்லைன் போனோடு சேர்ந்து, அவர் கைக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது.

கீழே கிடக்கிறவர் அழைக்கிறார்.

போனை எடுத்தாள்.

"ஹலோ... நீங்களோ?"

மறுமுனையில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

டக்.

தொடர்பு அறுந்தது.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்குமுன் மறுபடி அடித்தது. இந்த முறை 'தம்பி தாரகன்'. அவளுடைய ஒரே தம்பி.

"அக்கா, சும்மாதான் எடுத்தனான். வீட்டிலையோ நிக்கிறியள்? என்ன குரல் ஒரு மாதிரிக் கிடக்குது?"

"தம்பி, ஓடி வா. அத்தான் விழுந்து கிடக்கிறார்."

தாரகன் வீடு நகரத்தின் மறு கோடியில். ஆனாலும் ஆம்புலன்ஸுக்கு முன்னால் வந்து சேர்ந்தான். அக்கா மேல் அவனுக்கு அவ்வளவு பாசம்!

*

குற்றப் புலனாய்வு அதிகாரி அஞ்சலா ஹம்மில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவளுடைய அப்பா கிறிஸ்தோப்பரும் சோதிலிங்கமும் ஒரே கம்பித் தொழிற்சாலையில் ஒரே ஷிஃப்டில் கம்பி இழுத்தவர்கள். சோதிலிங்கம் அளக்கிற அளப்பைக் கேட்டே வளர்ந்தவள் என்பதால் அந்த வீட்டில் யார் எதைச் சொன்னாலும் அவள் பாதியாகக் குறைத்துத்தான் எடுப்பாள்.

இப்போது கமலநாயகி சொன்னதை முழுதாகவே தள்ளிவிட்டாள்.

"விழுந்து கிடக்கிற ஆள் போன் எடுக்கமாட்டார், அன்ரி." (அவர்கள் பேச்சில் போன் எடுப்பது என்றால் அழைப்பதும்தான்.)

"எடுத்தவர், பிள்ளை. இஞ்சை பார்."

அஞ்சலா பார்த்தாள். இருந்தது. 'இவர்', பின்னேரம் வந்த அழைப்பு.

"விழேக்குள்ளை போன் தானா அமத்துப்பட்டிருக்கும். அவ்வளவுதான்."

"விழுந்த போன் என்ரை காதுக்குள்ளை மூச்சு விடுமோ?"

அஞ்சலா நொறுங்கிய போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினாள். போன் கம்பெனியிடம் கேட்டுப் பார் என்று கமலநாயகி கெஞ்சினாள். அதற்கு விண்ணப்பம் எழுத வேண்டும், நீதிபதி கையெழுத்து வேண்டும், எதுவானாலும் திங்கட்கிழமைக்குப் பிறகுதான் என்றாள் அஞ்சலா.

ஜெர்மனியில் அப்படித்தான். எதற்கும் 'டெர்மீன்' வேண்டும். முன்கூட்டியே கேட்டு வாங்கிய நாளும் நேரமும். டெர்மீன் இல்லாமல் அந்த நாட்டில் பல் வலிக்கக்கூட அனுமதி கிடையாது!

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. மண்டையில் பலத்த அடி. நினைவில்லை. பிழைப்பார் என்றும் சொல்லவில்லை, மாட்டார் என்றும் சொல்லவில்லை.

முதுகில் ஒரு கை அழுத்திய கன்றல் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள்.

தள்ளி விடப்பட்டிருக்கிறார்!

*

மகள் தேனுஜா அழுது அழுது சொன்னதிலிருந்து அன்றைய காலைக் கதை இப்படி:

அப்பாவுக்கு அவள்தான் புதுப் போன் வாங்கிக் கொடுத்தாள். சோதிலிங்கம் பழைய போனிலிருந்து சிம்மைக் கழற்றி வைத்துக்கொண்டு, புதுப் போனில் அதை நுழைக்க ஓட்டை தேடினார். மேலே தேடினார். கீழே தேடினார். சட்டை ஊசியை எடுத்துக் குத்திப் பார்த்தார். போன் ஒலிபெருக்கியில் இரண்டு குத்து வாங்கியதுதான் மிச்சம்.

ஓட்டையே இல்லை.

அது இ-சிம் மட்டும் எடுக்கிற போன். அட்டை கிடையாது. கம்பெனி ஏற்கெனவே தபாலில் ஒரு தாள் அனுப்பியிருந்தது. அதில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சதுரம். போன் கமெராவை அந்தச் சதுரத்தில் காட்டினால், உங்கள் இலக்கம் காற்றில் பறந்து வந்து போனுக்குள் குந்திக்கொள்ளும். முதலில் யார் காட்டுகிறார்களோ, அவர் போனில்!

சோதிலிங்கம் என்ன செய்தார்?

வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கும் எந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத் தலைவரும் செய்வதைத்தான் செய்தார்.

தாளை முழுசாகப் படமெடுத்தார். 'எங்கடை ஆக்கள்' குரூப்பில் போட்டார். டொரண்டோ, பாரிஸ், லண்டன், ஒஸ்லோ, ஹம்... அரை உலகம் இருக்கிற குரூப். கீழே ஒரு வரி:

'பிள்ளையள், இந்தப் பெட்டியை என்ன செய்யிறது?'

வீட்டுத் திறப்பை (சாவியைத்தான் சொல்கிறேன்) தெருவில் மாட்டி, இது எந்தக் கதவுக்கு என்று எழுதி வைத்த மாதிரி!

பதில்கள் குவிந்தன. பாதிப் பேர் வாசிக்காமலே வாழ்த்துச் சொன்னார்கள். டொரண்டோவில் ஒருவர் கேக் படம் போட்டார். பாரிஸ் டொறத்தி அக்கா ஒரு மெழுகுதிரி கொளுத்தினார்.

யாரோ ஒருவர் மட்டும் பேசாமல் அந்தச் சதுரத்தைத் தன் போனில் ஏற்றிக்கொண்டார்.

சோதிலிங்கம் தன் கமெராவைக் காட்டியபோது, இது ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது என்று போன் பணிவாகச் சொன்னது. பழைய சிம்மும் செத்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் விளையாடுகிறார்கள் என்று திட்டிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார்.

அந்த நேரத்தில்தான் மதுரையில் ஒரு அம்மாவின் போனுக்குச் செய்தி போனது.

சோதிலிங்கத்தின் இலக்கத்திலிருந்து.

*

அந்த அம்மாவின் மகன் ராகவ். டோர்ட்மண்டில் மொபைல் நெட்வொர்க் ஆராய்ச்சி செய்கிறவன். தேனுஜாவும் அவனும் கலியாணம் கட்ட ஆசைப்பட்டார்கள். வீட்டில் பெரிய இழுபறி. கடைசியில் வெள்ளிக்கிழமைதான் சோதிலிங்கம் சரி என்று இறங்கி வந்து, குரூப்பிலேயே அறிவித்தார். சம்பந்தி அம்மாவின் இலக்கத்தையும் போட்டு எல்லாரும் வாழ்த்துச் சொல்லச் சொன்னார். தேனுஜா அப்போதே ராகவையும் குரூப்பில் சேர்த்துவிட்டாள்.

மறுநாள் அந்தச் செய்தி. உங்கள் வீட்டுக்குப் பெண் கொடுக்க எங்களுக்குப் பைத்தியமா என்று தொடங்கி, பெற்றவள் ஒருத்தி வாசிக்கக் கூடாத வார்த்தைகளில் முடிந்தது.

போலீஸ் நிலையத்தில் ராகவ் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"எங்கம்மா போன்ல அழுதாங்க, மேடம். நேரா அங்கிள்கிட்ட போய் கேட்டேன். கத்தினேன். ஒத்துக்கிறேன்."

"பக்கத்து வீட்டுச் சனத்துக்கும் கேட்டிருக்கு."

"அவரு, நான் அனுப்பலை, காலையிலேருந்து என் நம்பரே வேலை செய்யலைன்னாரு. லேண்ட்லைன் போனை கையில எடுத்து, இரு, இப்பவே என் நம்பருக்கு அடிச்சுக் காட்டுறேன்னாரு. நான் நிக்கலை. கதவை அறைஞ்சு சாத்திட்டு வந்துட்டேன்."

"பிறகு?"

"பிறகு டிரெய்ன்ல யோசிச்சப்பதான் புரிஞ்சுது. அவர் இ-சிம் வேற யார் போன்லயோ இருக்கு."

அஞ்சலா பேனாவை வைத்தாள்.

"இவ்வளவு துல்லியமா உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அதானே மேடம் என் வேலை..."

சொல்லி முடித்த பிறகுதான், தன் கழுத்தில் தானே சுருக்கு மாட்டிக்கொண்டது அவனுக்குப் புரிந்தது.

தாரகனும் வாக்குமூலம் கொடுத்தான். பெடியன் படித்தவன், பார்க்கச் சாது, ஆனால் கோபம் வந்தால் கண் மண் தெரியாது, நான் யாரையும் குறை சொல்லவில்லை என்று சொல்லிச் சொல்லியே அவனை முழுசாகக் குறை சொல்லிவிட்டுப் போனான்.

அஞ்சலா ராகவின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டாள்.

"அங்கிள் கண் முழிச்சா அவரே சொல்லட்டும். முழிக்காட்டி இது கொலை. அதுவரைக்கும் ஜெர்மனியை விட்டுப் போக ஏலாது."

*

ஞாயிற்றுக்கிழமை காலை.

இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்த கமலநாயகி, குரூப்பில் ஒரு வரி போட்டாள்.

'இவர் எங்களை விட்டுப் போட்டார்.'

உலகம் அதிர்ந்தது!

டொரண்டோவில் மண்டபம் பார்த்துவிட்டார்கள். ஒஸ்லோவில் ஒருவர் விமான டிக்கெட் எடுத்துவிட்டார். பாரிஸிலிருந்து ஒரு மலர்வளையம் எல்லையைத் தாண்டியே விட்டது. குரூப்பில் இரங்கல் உரைகள் வரிசை கட்டின. எல்லாவற்றிலும் நீளமானது தாரகனுடையது. 'என் அத்தான் அல்ல, என் தகப்பன்' என்று தொடங்கியது.

அஞ்சலா ஆஸ்பத்திரிக்கு அழைத்து, சோதிலிங்கம் எத்தனை மணிக்கு இறந்தார் என்று கேட்டாள். நோயாளி விவரத்தைப் போனில் சொல்ல முடியாது, தகவல் பாதுகாப்புச் சட்டம், நேரில் வாருங்கள் என்று ஒரு குரல் சொல்லி வைத்துவிட்டது. போலீஸ் என்று சொன்னாள். அதைப் போனில் எப்படி நம்புவது என்று கேட்டது குரல்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இனி இது கொலை வழக்கு. ராகவ் எங்கே நிற்பான் என்று அவளுக்குத் தெரியும். செத்தவீட்டு வாசலுக்கு வண்டியை விட்டாள்.

அங்கேதான் நின்றான். கேற்றுக்கு வெளியே, மழையில், குடை இல்லாமல்.

உள்ளே வர அவனுக்கு அனுமதி இல்லை. தாரகன் வாசலில் காவல் நின்றான்.

"கொலை செய்துபோட்டு, அஞ்சலி செலுத்த வாறியோ? உள்ளுக்கை ஒரு காலடி வைக்கப்பிடாது."

ராகவ் மேல் ஜன்னலைப் பார்த்தான். அங்கே தேனுஜாவை இரண்டு பெண்கள் தோளில் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். அவள் இரண்டு பேருக்காகவும் அழுதுகொண்டிருந்தாள். செத்துப்போன அப்பாவுக்காக ஒரு கண். ஜெயிலுக்குப் போகப் போகிறவனுக்காக மறு கண்.

முன்னறையில் சனம் நிறைந்து வழிந்தது. கமலநாயகி நடுவில் இருந்தாள். ஒரு வயதான பெண் அவள் நெற்றிப் பொட்டை அழிக்கக் கையை நீட்டினாள். கமலநாயகி அந்தக் கையை மெல்லத் தள்ளிவிட்டாள்.

"அக்கா, செய்ய வேண்டியதைச் செய்யத்தானே வேணும்," என்றான் வாசலிலிருந்து உள்ளே வந்த தாரகன். "பொட்டை அழியுங்கோ."

கமலநாயகி தம்பியை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ரை பொட்டு. நான் பாத்துக்கொள்ளுறன்."

எழுந்து சமையலறைக்குள் போனாள். அங்கே அஞ்சலா நின்றாள், ராகவைக் கைது செய்யப் போவதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு.

கமலநாயகி அவளைப் பேச விடவில்லை.

"பிள்ளை, இப்ப இஞ்சை ஒவ்வொருத்தற்றை போனா அடிக்கும். இவற்றை நம்பரிலையிருந்து."

"அன்ரி..."

"கேள். போனை எடுக்கிறவையைப் பாக்காதை. எடுக்காதவனைப் பார்."

அஞ்சலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். துக்கத்தில் மனம் பேதலித்த பெண்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

"அன்ரி, செத்தவை போன் எடுக்கமாட்டினம்."

முன்னறையில் ஒரு போன் அடித்தது.

*

ரகுநாதனுடைய போன். சோதிலிங்கத்தின் ஒன்றுவிட்ட அண்ணன்.

திரையைப் பார்த்தார். 'சோதிலிங்கம்' என்றிருந்தது. புருவம் ஒரு கணம் உயர்ந்தது. பிறகு தாழ்ந்தது. எடுத்தார்.

"ஓம், தேனு பிள்ளை. அப்பான்ரை சிம்மை வேறை போனிலை போட்டிட்டியளே? நல்லது, நல்லது. தேத்தண்ணியெண்டா எனக்குச் சீனி வேண்டாம்."

மறுமுனை பேசவில்லை. வைத்துவிட்டார்.

அடுத்து மைதிலி. தேனுஜாவின் பெரியம்மா மகள்.

"ஆர், தேனுவோ? நான் கீழைதான் நிக்கிறன். என்ன வேணும் சொல்லு."

அவளும் வைத்துவிட்டாள்.

செத்தவர் பெயரில் அழைப்பு வந்தும் யாருக்கும் பயம் வரவில்லை! ஏன் வரும்? போன் உடைந்தால் சிம்மைக் கழற்றி இன்னொரு போனில் போடுவதுதானே உலக வழக்கம்? வீட்டில் யாரோ போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

அந்த இலக்கம் இன்னும் தன் பையில்தான் கிடக்கிறது என்று நம்பியிருந்தவன் ஒரே ஒருவன்தான்.

அஞ்சலா கமலநாயகியின் கையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

வெளியே கேற்றடியில் மூன்றாவது போன் அடித்தது. சமையலறை ஜன்னல் வழியே அஞ்சலா பார்த்தாள். ராகவ் நனைந்த கையைச் சட்டையில் துடைத்து, எடுத்தான். குரல் மழையோடு கேட்டது.

"தேனு... அப்பா நம்பரைத் திரும்ப வாங்கிட்டியா? அழாத. நான் பண்ணலை. நீ மட்டும் நம்பு, போதும். அம்மா பக்கத்துல இரு. நான் இங்கேயேதான் நிக்கிறேன்."

கேட்டுக்கொண்டிருந்த மறுமுனை கொஞ்ச நேரம் வைக்கவே இல்லை.

பிறகு வைத்தது.

நான்காவது போன்.

தாரகனுடைய சட்டைப் பையில்.

எடுத்துப் பார்த்தான்.

முகத்திலிருந்த ரத்தமெல்லாம் எங்கே போனது? திரையை ஒரு முறை பார்த்தான். சனத்தை ஒரு முறை பார்த்தான். சத்தத்தை அமத்தினான். காற்று வாங்கப் போவது போலத் தோட்டத்துக் கதவைத் திறந்து வெளியே போனான்.

அஞ்சலா சமையலறைப் பின்கதவால் இறங்கினாள்.

தாரகன் சைக்கிள் கொட்டிலுக்குப் பின்னால் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தான். அமைப்புகள்... மொபைல் இணைப்பு... இரண்டு இலக்கங்கள். ஒன்று அவனுடையது. மற்றது நேற்றுக் காலையில் குடிவந்தது. அதற்குப் பக்கத்தில் இப்போது இரண்டே சொற்கள்.

'சேவை இல்லை.'

போன் மறுபடி அதிர்ந்தது. அத்தான்!

இந்த முறை எடுத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, கிசுகிசுப்பாக:

"ஆர் நீ? இந்த நம்பர் என்னட்டை எல்லோ கிடந்தது? உனக்கு எப்பிடி வந்தது?"

திருடன் கேட்கிறான், தன்னிடமிருந்து திருடியது யார் என்று!

மறுமுனை நிதானமாகப் பதில் சொன்னது.

"இருவது வருசமா என்னட்டைக் கிடந்த நம்பரடா, தாரகன். உன்னட்டை ஒரு ராத்திரிதானே கிடந்தது?"

அந்தக் குரல்...

கம்பித் தொழிற்சாலை இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய குரல். அஞ்சலாவுக்குக் குழந்தையிலிருந்து தெரிந்த குரல்!

போன் ஈரப் புல்லில் விழுந்தது. தாரகன் திரும்பினான். பின்னால் அஞ்சலா. அவளுக்குப் பின்னால், கதவு நிலையில், கமலநாயகி. நெற்றியில் பொட்டு. சேலைத் தலைப்பு விலகி, கழுத்தில் தாலி மின்னியது.

"ராகவாயிருந்தா என்ரை பிள்ளை அழுவாள். நீயாயிருந்தா நான் அழுவன்," என்றாள் அவள். "ஆர் அழப்போறம் எண்டு தெரியாமத்தான் அந்த வரியை எழுதினனான்."

கதவை விட்டு விலகி வழி விட்டாள்.

"சரி. நான் அழுறன். நீ போ."

*

இப்போது, ஆஸ்பத்திரியில் விடியற்காலை என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

சோதிலிங்கம் கண் விழித்தார். தண்ணீர் கேட்டார். இரண்டாவதாக, தன் போனைக் கேட்டார்.

பிறகு மனைவியிடம் சொன்னார். ராகவ் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு, பழைய போனை எடுக்கக் கெல்லர்ப் படியில் இறங்கியிருக்கிறார். கையில் கம்பியில்லாத லேண்ட்லைன். தன் இலக்கத்தைத் தானே அழைத்திருக்கிறார்.

மணி அடித்தது.

அவருடைய முதுகுக்குப் பின்னால்!

திரும்புமுன் தள்ளு. முகம் தெரியவில்லை. திரும்பி வந்த ராகவாக இருக்கலாம். வீட்டுத் திறப்பு வைத்திருக்கும் தாரகனாக இருக்கலாம்.

சோதிலிங்கம் சொல்வதில் பாதியைத்தான் அஞ்சலா எடுப்பாள். மண்டை உடைந்த சோதிலிங்கம் சொன்னால் கால்வாசி. ஆகவே இரண்டு பேரும் அவளிடம் சொல்லவே இல்லை. தேனுஜாவிடமும் சொல்லவில்லை. அவள் முகம் ஒரு நிமிடம் கூடப் பொய் சொல்லாது.

முதலில் இலக்கத்தை மீட்க வேண்டும். தாதி மிதுசா தன் வீட்டில் சும்மா கிடந்த போன் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். புது இ-சிம் வேண்டுமென்றால் கம்பெனி ஆளை வீடியோவில் பார்க்கும். அடையாள அட்டையை இடப்பக்கம் சாய்த்துக் காட்டு, வலப்பக்கம் சாய்த்துக் காட்டு, முகத்தைக் காட்டு...

கம்பெனிப் பெண், தலையில் சுற்றியிருப்பதைத் தயவுசெய்து அகற்றுங்கள் என்றாள். அகற்றினால் உள்ளே இருப்பதும் வெளியே வரும் என்று சோதிலிங்கம் ஜெர்மன் மொழியில் விளக்கினார். அவள் மேலதிகாரியைக் கேட்டாள். மேலதிகாரி, கண்ணும் மூக்கும் தெரிந்தால் போதும் என்றார்.

கொஞ்ச நேரத்தில் இலக்கம் காற்றில் பறந்து வந்து அவர் மடியில் குந்தியது. அதே கணம் தாரகனின் பையில் அது செத்தது. கம்பெனி அதை அவனிடம் போய்ச் சொல்லவில்லை.

தன் மரணச் செய்திக்கு எந்தப் படம் போடுவது என்று சோதிலிங்கம்தான் தேர்ந்தெடுத்தார். இரங்கல் உரைகளை மிதுசாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். தாரகனுடையதை மட்டும் இரண்டு முறை கேட்டார். இரண்டாவது முறை சிரிக்கவில்லை.

*

தாரகன் எல்லாவற்றையும் சொன்னான். டொரண்டோவில் தன் மனைவியின் அண்ணன் மகனுக்குத் தேனுஜாவைத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். அக்கா வீட்டில் தன் சொல்தான் செல்லும் என்று அங்கே பெருமை பேசியிருந்தான். வெள்ளிக்கிழமை அறிவிப்பு அவன் மூக்கை உடைத்தது. சனிக்கிழமை காலை, அத்தானே கறுப்புச் சதுரத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அத்தான் பெயரில் ஒரே ஒரு செய்தி. சம்பந்தம் முறிந்துவிடும் என்று நினைத்தான். முறிந்ததா என்று பார்க்கத் திறப்பைப் போட்டு உள்ளே வந்தபோதுதான் பையில் மணி அடித்தது; அத்தான் திரும்புமுன் பதறித் தள்ளிவிட்டான்.

அக்காவுக்கு வந்த முதல் அழைப்பு?

அக்கா எங்கே நிற்கிறாள் என்று அறிய, தெருமுனையில் நின்று அழைத்திருக்கிறான். போனில் இப்போது இரண்டு இலக்கம். எதிலிருந்து அழைப்பது என்று அவன் சொல்லவில்லை. போன் தானே முடிவெடுத்து, புதிதாக வந்த இலக்கத்திலிருந்து அழைத்தது. நீங்களோ என்று அக்கா கேட்டபோதுதான் அவனுக்கு உறைத்தது. வைத்துவிட்டுத் தன் சொந்த இலக்கத்தில் மறுபடி அழைத்தான்.

உண்மையைப் பேசியது அந்தப் போன் ஒன்றுதான்.

*

திங்கட்கிழமை. ஆஸ்பத்திரி அறை.

தேனுஜா அப்பாவோடு பேசவில்லை. ஒரு நாள் முழுக்க அழ வைத்ததற்கு அவள் இன்னும் ஒரு மாதம் பேசப் போவதில்லை என்று அறிவித்துவிட்டு, அவர் கட்டிலை விட்டு நகராமல் இருந்தாள். ராகவ் ஜன்னலோரம் நின்று மதுரைக்குப் பேசிக்கொண்டிருந்தான். சோதிலிங்கம் கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"சம்பந்தியம்மா, மழைக்குள்ளை நிண்டும் உங்கடை பிள்ளை என்ரை பிள்ளையை அழாதை எண்டுதான் சொன்னவர். எனக்குப் பிள்ளையைத் தாருங்கோ. கேட்கிறது நான்தான், இந்த முறை சத்தியமா நான்தான்."

கமலநாயகி மூலையில் இருந்தாள். சிவந்த கண்களோடு தம்பிக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று மட்டும் அஞ்சலாவிடம் மெல்லக் கேட்டாள். கொடுக்கலாம் என்றாள் அஞ்சலா.

அஞ்சலா ராகவிடம் பாஸ்போர்ட்டை நீட்டினாள். மன்னிப்பும் கேட்டாள். அவனும் பரவாயில்லை மேடம் என்றான்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. அறிக்கை. சந்தேக நபர் எப்படி அகப்பட்டார் என்ற இடத்தில் என்ன எழுதுவது? காலையிலிருந்து அவளுடைய மேலதிகாரி அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

சோதிலிங்கம் தலைக்கட்டைத் தடவிக்கொண்டு அவளையே பார்த்தார். டொரண்டோ மண்டபம், ஒஸ்லோ டிக்கெட், பாரிஸ் மலர்வளையம் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தும், மனிதருக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். மலர்வளையம் கட்டில் காலில் சாத்தியிருந்தது. திருப்பி அனுப்ப அவர் விடவில்லை.

"ஏன் பிள்ளை யோசிக்கிறாய்? நீயே வாயாலை சொல்லு. செத்தவர் போன் எடுத்தவரோ, இல்லையோ?"

அஞ்சலா பேனாவை மூடினாள். பெருமூச்சு விட்டாள்.

"ஓம், அங்கிள். எடுத்தவர். என்ரை ரெண்டு காதாலையும் கேட்டனான்."

கதவடியில் நின்று திரும்பினாள்.

"ஆனா அடுத்த தரம் சாகிறதெண்டா, தயவுசெய்து ஒரு டெர்மீன் எடுத்துப்போட்டுச் சாகுங்கோ."